வேலைநீக்கமும் நட்டஈட்டு உரிமையும்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோணேசர் ஆலயத்தைப் பற்றியும், போர்த்துக்கேயர் அதனை இடித்து எழுப்பிய கோட்டையைப் பற்றியும், ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அத்துறைமுகத்தின்பொருட்டு மாறிமாறிப் பொருதமை பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். துறைமுகத்தின் ஆழத்தையும், புயலுக்கு ஒதுங்கும் அதன் உட்குடாவின் பாதுகாப்பையும் வியந்து பேசாத நூல் இல்லை எனலாம். ஆயின் அத்துறையிற் சுமை இறக்கியோரையும், கப்பற் கொதிகலன்களின் உட்புறத்தைச் சுரண்டியோரையும், எண்ணெய்த் தாங்கிகளுள் இறங்கித் துப்புரவு செய்தோரையும் பற்றி எழுதப்பட்டவை மிகச் சிலவே. அவர்களுள்ளும் தொழிலிற் கையையோ காலையோ பறிகொடுத்து, பின்னர் அத்தொழிலையும் பறிகொடுத்தவர்கள் வரலாற்றாசிரியரின் பார்வைக்கு எட்டாதவர்களாகவே இருந்து வந்துள்ளனர்.

இத்தகையோரைப் பொறுத்தவரை எழும் வினா ஒன்றே. வேலையில் இருந்தபோது காயமுற்று, அதன்பின் வேலையினின்று நீக்கப்பட்ட ஒருவர், அக்காயத்துக்கு நட்டஈடு கோர உரித்துடையவரா? வேலை போனபின் நட்டஈடு ஏது என்பதே துறைமுகத் தெருக்களில் மட்டுமன்றிப் படித்தோரிடையிலும் நிலவும் எண்ணம். காயம்பட்டவர் முதலாளியின் தயவை நாடி நிற்பவர் என்றும், தயவு முறிந்தபோது உரிமையும் முறிந்தது என்றும் கொள்ளும் பழைய மனப்பான்மையின் எச்சம் அது. சட்டமோ ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதற்கு மாறான விடையையே அளித்து வந்துள்ளது. அவ்விடை, எளிதிற் கண்ணிற் படாத ஒரு தொடரில் தங்கியுள்ளது. அத்தொடரின் வரலாற்றைப் பார்க்குமுன் அது வந்து சேர்ந்த நகரின் தொழில் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

திருகோணமலை தொலைவில் எடுக்கப்படும் தீர்மானங்களால் வாழ்ந்தும் தாழ்ந்தும் வந்த நகரமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பிரித்தானியக் கடற்படையின் கீழைத் தேயத் தளங்களுள் ஒன்றாக விளங்கிய அது, 1905ஆம் ஆண்டளவிற் கடற்படைச் செலவைச் சுருக்கும் நோக்குடன் இலண்டனில் எடுக்கப்பட்ட முடிவினாற் கைவிடப்பட்டது. கப்பல் திருத்தும் பட்டறைகள் ஓய்ந்தன; நகரின் கடைத்தெருவும் உடன் ஓய்ந்தது. முதலாம் உலகப் போரின் பின்னர் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியபோது நகரம் மீண்டும் உயிர்பெற்றது. சீனக்குடாவின் காட்டைத் திருத்தி, ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்தாயிரம் தொன் கொள்ளும் நூறளவான எண்ணெய்த் தாங்கிகள் இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிறுவப்பட்டன. 1927இல் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது. தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையின் பிற பகுதிகளிலிருந்தும் கூலிவேலை தேடி மக்கள் வந்து குவிந்தனர். 1942 ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியபோது அத்தொழிலாளர் பலர் நகரை விட்டு ஓடினர் என்பது போர்க்கால வரலாற்றிற் பலரும் குறிப்பிடும் செய்தி. போருக்குப் பின் தளம் சுருங்கியது. 1957 ஒக்டோபர் 15ஆந் திகதி அது இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தேசிய வரலாற்றில் அது பெருமைக்குரிய நாள். தளத்தை நம்பிப் பிழைத்தோர் பலருக்கு அதுவே வேலையிழப்பின் தொடக்கமுமாயிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டில் ஒரு நகரின் தொழிலாளர் இருமுறை கூட்டமாக வெளியேற்றப்பட்டனர்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1930களின் நடுப்பகுதி வரை இலங்கையில் தொழிலிற் காயமுற்றவருக்கு இருந்த வழி உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்வதொன்றே. அதற்கு முதலாளியின் கவனயீனத்தை நிரூபித்தல் வேண்டும். சங்கிலி அறுந்து சரக்குப் பொதி தோளில் விழுந்தவர், அச்சங்கிலி பழுதுற்றிருந்தமையை முதலாளி அறிந்திருந்தார் என்று காட்டவேண்டும். சங்கிலியோ முதலாளியின் கிடங்கிற் கிடக்கும். கண்டோர் முதலாளியின் கூலியாட்களாய் இருப்பர். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணத்தைக் காயமுற்றவர் கடன்பட்டே தேடவேண்டும். இவ்வழியில் நீதி பெற்றோர் அரியர் என்பதில் வியப்பில்லை.

இங்கிலாந்தின் நிலையும் நெடுங்காலம் இதனினும் மேலானதன்று. 1837இல் ஒரு கசாப்புக் கடைக்காரரின் பணியாளர், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து காயமுற்றுத் தொடுத்த வழக்கில், முதலாளி பொறுப்பாளி அல்லர் என்று நீதிமன்றம் கூறியது. அதிலிருந்து கிளைத்ததே ‘பொது வேலைக் கோட்பாடு’. உடன் வேலை செய்பவரின் தவறால் ஒருவர் காயமுற்றால், அவ்வாபத்தை அவர் வேலைக்குச் சேரும்போதே ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார் என்பது அதன் சாரம். நூற்றுக்கணக்கானோர் ஒன்றாய் உழைக்கும் ஆலையிலும் துறையிலும் உடன் வேலை செய்பவரின் தவறின்றி விபத்து நேர்வது அரிது. ஆதலால் இக்கோட்பாடு ஏறத்தாழ எல்லா விபத்துக்களிலிருந்தும் முதலாளியைக் காத்தது. 1880ஆம் ஆண்டுச் சட்டம் இதனைச் சிறிது தளர்த்தியதேயன்றி நீக்கவில்லை. 1884இல் பிஸ்மார்க்கின் ஜேர்மனி, யார் தவறு என்ற வினாவையே ஒதுக்கிவிட்டு விபத்துக் காப்புறுதியை ஏற்படுத்தியது. தொழிற்கட்சிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் உள்நோக்கம் அதில் இருந்ததாயினும், தவறை நிரூபிக்காமலே நட்டஈடு பெறலாம் என்னும் கொள்கை அதன்வழியே உலகிற் பரவியது.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1897இல் நிறைவேற்றிய தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இக்கொள்கையைத் தன் வழியில் ஏற்றுக்கொண்டது. யோசப் சேம்பர்லின் அதன் பின்னணியில் நின்றவர். புகையிரதப் பாதை, ஆலை, சுரங்கம் ஆகியவற்றுடன் கப்பற்றுறைகளும் இறங்குதுறைகளும் அதன் எல்லைக்குள் வந்தமை துறைமுக வரலாற்றில் நாட்டமுள்ளோர் மனங்கொள்ளற்பாலது. வேலையினின்று எழுந்து, வேலையின்போது நேர்ந்த விபத்தாயின் முதலாளி பொறுப்பாளி என்பதே அதன் அடிப்படை. உழைக்க முடியாத காலத்துக்கு வாரச் சம்பளத்தின் பாதி, ஒரு பவுணுக்கு மேற்படாமல் வழங்கப்படும்; இறந்தவரின் குடும்பத்துக்கு மூன்றாண்டுச் சம்பளம், முந்நூறு பவுணுக்கு மேற்படாமல் வழங்கப்படும். இவற்றுக்கிடையே நடைமுறை பற்றிய ஒரு பிரிவும் இருந்தது. விபத்துப் பற்றிய அறிவித்தல் இயன்றளவு விரைவிலும், காயமுற்ற தொழிலாளி அவ்வேலையை ‘தன்விருப்பின்பேரில் விட்டு நீங்குமுன்னரும்’ கொடுக்கப்படல் வேண்டும். கோரிக்கை ஆறு மாதத்துள் செய்யப்படல் வேண்டும் என்று அப்பிரிவு கூறியது.

‘தன்விருப்பின்பேரில்’ என்ற அச்சொல்லே முன்னர்ச் சுட்டிய விடையாகும். வேலையை விட்டு நீங்கியபின் அறிவித்தல் கொடுத்தால் ஏற்கப்படாது என்று மட்டும் சட்டம் கூறியிருக்குமாயின், காயமுற்றவரை அன்றே வெளியேற்றுதல் முதலாளிக்கு மிக மலிவான தற்காப்பாக அமைந்திருக்கும். அதனைத் தடுத்தது அந்த ஒரு சொல். தானே போனவருக்கும் போக்கப்பட்டவருக்கும் இடையே சட்டம் கோடு கிழித்தது. தானே போனவர் தன் காயத்தைப் பெரிதாய்க் கருதவில்லை என்று ஊகிக்க இடமுண்டு. போக்கப்பட்டவர் விடயத்தில் அவ்வூகத்துக்கு இடமில்லை. சட்டம் வரைந்தோர் இவ்வேறுபாட்டைத் தொழிலாளர்மீது கொண்ட இரக்கத்தினாற் செய்தனர் என்பதைக் காட்டிலும், முதலாளிமார் எதனைச் செய்வர் என்பதை அறிந்து செய்தனர் என்பதே பொருந்தும்.

இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றன. 1911இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில், வேலை முடிவுற்ற ஒரு பெண் தனக்குச் சேரவேண்டிய சம்பளத்தைப் பெறச் சில நாளின் பின் ஆலைக்கு வந்து, அங்கு விழுந்து காயமுற்றாள். வேலை ஒப்பந்தம் முடிந்துவிட்டதே என்று முதலாளி வாதிட்டார். சம்பளம் கொடுத்துத் தீர்ப்பதும் வேலை உறவின் பகுதியே என்று கொண்டு நீதிமன்றம் அப்பெண்ணுக்குச் சார்பாகத் தீர்த்தது. ஆகவே, வேலைநீக்கம் என்பது கத்தியால் வெட்டினாற்போல் ஒரு கணத்தில் எல்லாவற்றையும் அறுத்துவிடுவதன்று என்னும் கருத்து அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தது.

பிரித்தானியச் சட்டத்தின் இவ்வாசகம் 1923ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்துட் புகுந்தது. அதே தொடரும், அதே ஆறு மாதக் கெடுவும் இந்தியச் சட்டத்தின் முதல் வடிவிற் காணப்பட்டன. கெடு பின்னர் இரண்டாண்டாக நீண்டது. ஆயின் இந்தியச் சட்டம் பிரித்தானியச் சட்டத்தை அப்படியே பெயர்த்து நட்டதன்று. நிரந்தர ஊனத்துக்கு வாராவாரம் கொடுக்காமல் ஒரே தொகையாகக் கொடுக்கும் முறையை அது மேற்கொண்டது. தொகையைக் கணிக்க உறுப்பு வாரியாக ஓர் அட்டவணையும் தந்தது. வலக்கை முழங்கையிலோ அதற்கு மேலோ போனால் உழைப்பாற்றலில் 70 வீதம் போயிற்று, இடக்கையாயின் 60 வீதம், ஒரு கண்ணுக்கு 30, பெருவிரலுக்கு 25, சுட்டுவிரலுக்கு 10, மற்றை விரல் எதுவாயினும் 5. இடக்கைப் பழக்கமுள்ள தச்சர் ஒருவருக்கு இவ்வட்டவணை என்ன நீதி செய்யும் என்ற ஐயம் படிப்போர்க்கு எழாமற் போகாது. எனினும் இம்முறையில் வேலைநீக்கப்பட்டவருக்கு ஒரு நன்மை உண்டு. வாரக் கொடுப்பனவு முறையில், காயமுற்றவருக்கு இலகுவான வேலையைக் கொடுத்துக் கொடுப்பனவைக் குறைப்பதும், பின் அவ்வேலையினின்றும் நீக்குவதும் இயலும். ஒரே தொகை முறையிலோ, உறுப்பு அற்ற நாளிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. பின்னர் முதலாளி செய்வது எதுவும் அக்கணக்கை மாற்றாது.

இதனை இந்திய உயர் நீதிமன்றம் 1975இல் ஐயத்துக்கிடமின்றி உரைத்தது. ஒரிசாவில் ஒரு திரையரங்கின் அலங்கார வேலையிலிருந்த தச்சர் ஒருவர் 1969இல் விழுந்து, இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்தார். நட்டஈடு எப்போது சேரவேண்டியதாகிறது என்பது வழக்கில் எழுந்த வினாக்களுள் ஒன்று. ஆணையாளர் தீர்ப்பளிக்கும் நாளிலன்று, விபத்து நேர்ந்த நாளிலேயே அது சேரவேண்டியதாகிறது என்று நீதிமன்றம் கூறியது. ஒரு கை மட்டும் போனாலும் தச்சுத்தொழில் செய்ய முடியாதவருக்கு அது முழு ஊனமே என்றும் கொண்டது. விபத்து நாளிலேயே கடன் பிறந்துவிட்டதாயின், அதன் பின்னர் வரும் வேலைநீக்கம் அக்கடனைத் தீர்த்துவிட மாட்டாது.

இலங்கைக்கு இச்சட்டமுறை வந்து சேர்ந்தது டொனமூர் அரசியலமைப்பின் காலத்திலாகும். கொழும்பில் 1923இல் நடந்த பொது வேலைநிறுத்தமும், 1927இல் துறைமுகத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தமும், குணசிங்காவின் தொழிற்சங்க இயக்கமும் தொழிலாளர் வினாவை அரசியலின் நடுவிற் கொணர்ந்திருந்தன. 1931இல் சர்வசன வாக்குரிமையின்கீழ்த் தெரிவான அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக அமர்ந்தவர் மலைநாட்டுத் தமிழரான பெரி சுந்தரம். ஹற்றன் தொகுதியின் பிரதிநிதியான அவரது பதவிக்காலத்திலேயே 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறி, 1935இல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும் 1935க்கு உரியதே. இந்தியச் சட்டத்தின் அமைப்பைப் பெரிதும் தழுவிய இக்கட்டளைச் சட்டம், நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு நட்டஈட்டு ஆணையாளரை நிறுவியது. தவறு யாருடையது என்ற வினா அத்துடன் பின்தள்ளப்பட்டது. பெரி சுந்தரத்தின் பெயர் மலையக வரலாற்றில் மட்டும் நினைவுகூரப்படுவது ஒரு குறையே. திருகோணமலைத் துறையிற் காயமுற்றவரும் அவரது அமைச்சின் விளைவைப் பெற்றவராவர்.

துறைமுகத் தொழிலைப் பொறுத்தவரை வேலைநீக்கம் என்ற சொல்லே சிக்கலானது. நாட்கூலிக்கு வரும் சுமைகாரருக்கு நியமனக் கடிதமும் இல்லை, நீக்கற் கடிதமும் இல்லை. கப்பல் வந்தால் வேலை. கப்பல் போனால் வேலையும் போயிற்று. ஒவ்வொரு மாலையும் நீக்கப்பட்டு ஒவ்வொரு காலையும் சேர்க்கப்படுபவர் அவர். அவருக்கு முதலாளி யார் என்பதும் தெளிவன்று. கங்காணிக்கு மேல் ஒப்பந்தக்காரர், அவருக்கு மேல் கப்பல் முகவர் என்று படிகள் பல. காயமுற்ற மறுநாள் அவரை நீக்கவேண்டியதும் இல்லை. பெயரைக் கூப்பிடாமல் விட்டாற் போதும். இந்தியச் சட்டம் இதனை ஓரளவு எதிர்நோக்கியது. தற்காலிக வேலையாளாகவும், அதனோடு முதலாளியின் தொழில் அல்லது வணிகத்துக்குப் புறம்பான வேலையைச் செய்பவராகவும் இருந்தாலே ஒருவர் சட்டத்துக்கு வெளியே நிற்பார். இரண்டும் சேர வேண்டும். வீட்டுக் கூரையைத் திருத்த ஒருநாள் அழைக்கப்பட்டவர் வெளியே. கப்பலிற் சரக்கு இறக்க ஒருநாள் அழைக்கப்பட்டவர் உள்ளே. ஒப்பந்தக்காரரின் ஆளாயினும், அவ்வேலை தன் வணிகத்தின் பகுதியாயின் தலைமை முதலாளியே நட்டஈட்டுக்குப் பொறுப்பு எனவும் அது விதித்தது. இலங்கைச் சட்டமும் தொழில்தருநரின் தொழில் அல்லது வணிகம் என்னும் அளவுகோலையே கொண்டதாகும்.

வேலை எந்நேரத்தில் முடிகிறது என்னும் வினாவுக்கு, அது எவ்விடத்தில் முடிகிறது என்னும் வினா உடன்பிறந்தது. 1958இல் இந்திய உயர் நீதிமன்றத்தின்முன் வந்த வழக்கொன்று திருகோணமலையாருக்கு அயலானதாகத் தோன்றாது. போர்பந்தரில் உப்பளத் தொழிலாளர் சிலர் வேலை முடிந்து, பொதுமக்கள் பயன்படுத்தும் தோணியில் ஒரு கழிமுகத்தைக் கடந்தபோது தோணி கவிழ்ந்து மாண்டனர். வேலைத்தலத்தின் எல்லையை ஓரளவு நீட்டிப் பார்க்கலாமாயினும், பொதுவழியில் அது செல்லாது என்று கூறி நீதிமன்றம் நட்டஈட்டை மறுத்தது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நீரைக் கடந்தே நகருக்கு வேலைக்கு வந்த தலைமுறைகளுக்கு இத்தீர்ப்பின் பொருள் விளக்க வேண்டியதன்று. கிண்ணியாப் பாலம் 2009இலேயே திறக்கப்பட்டது. இலங்கையில் 2022இல் வந்த திருத்தம், வேலைக்குச் செல்லும்போதும் வேலையினின்று மீளும்போதும் நேரும் விபத்துக்களை நட்டஈட்டின் எல்லைக்குட் கொணர்ந்தது. 2005இல் ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாவாயிருந்த உச்சத் தொகையும் அத்திருத்தத்தால் இருபது இலட்சமாயிற்று.

மீண்டும் 1957க்கு வருவோம். கடற்படைத் தளம் கைமாறிய அதே ஆண்டில், இலங்கரத்ன தொழில் அமைச்சராய் இருந்தபோது, 62ஆம் இலக்கச் சட்டம் 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தைத் திருத்தித் தொழில் நியாய சபைகளை நிறுவியது. அதுவரை வேலைநீக்கம் முதலாளியின் தனியுரிமையாய் இருந்தது. அறிவித்தற் காலச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டால் கேள்வியில்லை. இனி, நீக்கப்பட்டவர் தாமாகவோ தம் சங்கத்தின் மூலமாகவோ நியாய சபைக்குச் செல்லலாம். சபை நீதியும் ஒப்புரவும் எனத் தோன்றுவதைக் கட்டளையிடலாம். இத்திருத்தம் இலங்கைத் தொழிற் சட்ட வரலாற்றில் ஒரு திருப்பமென்பதில் இரு கருத்தில்லை. ஆனால் காயமுற்று நீக்கப்பட்டவருக்கு இதனால் வாயில்கள் இரண்டாயின. நீக்கத்துக்கு நியாய சபை, காயத்துக்கு ஆணையாளர். ஒன்றிற் கேட்பது மற்றொன்றிற் கிடையாது. நியாய சபைக்குச் செல்லக் கெடு ஆறு மாதம். நட்டஈட்டுக் கோரிக்கைக்கு வேறு கெடு. அதன் ஆணையாளர் அலுவலகமோ திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பில். நியாய சபையில் வழக்கு நடக்கிறதே என்று காத்திருந்து நட்டஈட்டுக் கெடுவைத் தவறவிடுதல் இரு வாயில் முறையில் எளிதில் நேரக்கூடிய இழப்பாகும்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இன்னொரு திருப்பம். பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமன்றி எவரையும் அவரது எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ இன்றி நீக்கலாகாது என அது விதித்தது. தொழிலாளருக்கு அரணாகவே இச்சட்டம் வந்தது. ஆயினும் காயமுற்றவர் விடயத்தில் அதற்கு ஒரு நிழலும் உண்டு. ‘இனி இவர் வேலைக்கு உதவார்’ என்று வெளிப்படையாகக் கூறி நீக்க வேண்டுமாயின் அனுமதி தேவை. ஒழுக்கமீறல் என்று கூறினால் அனுமதி தேவையில்லை. ஆதலின் காயத்தையே குற்றமாக மாற்றி எழுதும் ஆசை முதலாளிக்கு எழுதல் இயல்பு. பாதுகாப்பு விதியை மீறினார், மது அருந்தியிருந்தார், இயந்திரத்தின் காப்பை அகற்றினார் என்பன நீக்கற் கடிதத்துக்கு ஏற்ற வாசகங்கள். வியப்பு என்னவெனில், நட்டஈட்டை மறுப்பதற்கு அச்சட்டம் இடங்கொடுக்கும் விதிவிலக்குகளும் இவையே. ஒரே வாக்கியம் இரு வாயிலையும் ஒருங்கே அடைக்க வல்லது.

ஆயின் இரு வாயிலிலும் அவ்வாக்கியத்தின் எடை ஒன்றன்று. நீக்கத்தை நியாயப்படுத்தப் பொதுவான ஒழுங்கீனம் போதுமானதாகலாம். நட்டஈட்டை மறுக்கவோ, பாதுகாப்பின்பொருட்டு வெளிப்படையாக இடப்பட்ட கட்டளையை அவர் வேண்டுமென்றே மீறினார் என்றும், விபத்து அதனாலேயே நேர்ந்தது என்றும் காட்டல் வேண்டும். அவசரத்தில் மறந்தமையும், மேற்பார்வையாளர் கண்டும் காணாதிருந்த வழக்கமும் வேண்டுமென்று செய்தவை ஆகா. பிரித்தானியச் சட்டம் 1906இலேயே மரணமோ பாரதூரமான நிரந்தர ஊனமோ விளைந்தவிடத்து இவ்வெதிர்வாதத்தை நீக்கிவிட்டது. நீக்கற் கடிதத்தைக் கண்டு நட்டஈடும் போயிற்று என்று அஞ்சுவோர் இவ்வேறுபாட்டை அறியாதவர்கள்.

இதனினும் நுண்ணிய வழி ஒன்றுண்டு. அது ‘தன்விருப்பின்பேரில்’ என்ற அப்பழைய சொல்லையே மீண்டும் முன்னிறுத்துகிறது. காயமுற்றவர் வைத்தியசாலையிற் கிடப்பார், வேலைக்கு வரமாட்டார். சில வாரத்தின் பின், வேலைக்குச் சமுகமளிக்காமையால் சேவையை விட்டு விலகியவராகக் கருதப்படுகிறார் என்று ஒரு கடிதம் வீட்டுக்கு வரும். அவரை யாரும் நீக்கவில்லை. அவரே போய்விட்டார் என்பது அதன் பொருள். நியாய சபைக்குச் செல்ல நீக்கம் வேண்டும், அது இல்லை. 1897இன் வாசகப்படி அறிவித்தல் விலகுமுன் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் இல்லை என்று ஆகிவிடும். இலங்கை நீதிமன்றங்கள் இவ்வாதத்தை எளிதில் ஏற்றுக்கொண்டதில்லை. சேவையை விட்டு விலகுதல் என்பதற்கு வராதிருத்தல் மட்டும் போதாது, மீண்டு வராதிருக்கும் எண்ணமும் வேண்டும் என்பது அவை வகுத்த கொள்கை. கால் முறிந்து கட்டிலிற் கிடப்பவருக்கு அவ்வெண்ணம் இருந்ததாகக் கொள்ளுதல் அரிது. கடிதத்துக்கு மறுமொழி எழுதாமல் விட்டவர் விடயத்தில் எண்ணத்தை நிறுவுவதும் மறுப்பதும் கடினமாகின்றன.

மற்றொரு கடிதமும் உண்டு. சிறுதொகை ஒன்றைக் கையில் வைத்து, இனித் தனக்கு எவ்வித உரித்தும் இல்லை என்று காயமுற்றவரிடம் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ பெறும் கடிதம் அது. இந்தியச் சட்டம், நட்டஈட்டு உரிமையைத் துறக்கும் உடன்படிக்கை எதுவும் வெறிதானது என்று தொடக்கத்திலேயே கூறியது. இலங்கைச் சட்டமும் இவ்வழியதே. மரணமுற்றவரின் நட்டஈட்டை ஆணையாளரிடமே கட்ட வேண்டும் என்னும் விதியும் இதே நோக்கினதாகும்: விதவையின் கையில் நேரே கொடுத்ததாகக் கூறப்படும் பணம் கணக்கில் ஏறாது. ஆயினும் வெறிதான கடிதத்தைக் கையில் வைத்திருப்பவருக்கும் அதன்கீழ்க் கையொப்பமிட்டவருக்கும் இடையே, அதன் வெறுமையை அறிந்தவர் முன்னவரே.

எனவே வினா சட்டத்திலிருந்து சான்றுக்கு நகர்கிறது. வேலையில் இருப்பவருக்குச் சான்றுகள் அருகில் உள்ளன: வரவுப் பதிவேடு, சம்பள இடாப்பு, உடன் வேலை செய்தோர். வாயிற்கதவு மூடப்பட்டதும் இவையெல்லாம் உள்ளே தங்கிவிடுகின்றன. உடன் வேலை செய்தோர் தம் வேலையை எண்ணி வாய்திறவார். அவர்களைக் குறைகூறுவதும் எளிதன்று. 1980களின் நடுப்பகுதி தொடங்கி இரு தசாப்தங்களுக்கு மேலாகத் திருகோணமலை மாவட்டத்தில் நடந்த இடப்பெயர்வுகளில், வீட்டிலிருந்த கடதாசிகளும் பலருக்கு அழிந்து போயின. சீனக்குடாவை அண்டி மாவு ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் எழுந்து, துறைமுகத் தொழிலும் புதிய வடிவெடுத்தது.

வாயிலுக்கு வெளியே கிடக்கும் சான்றுகளும் சில உள்ளன. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, மரணம் விளைத்த விபத்தையும் மூன்று நாளுக்கு மேல் ஒருவரை முழுச் சம்பளம் உழைக்கவிடாது செய்த விபத்தையும் முதலாளி தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளருக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வறிவித்தல் அரசாங்கத்தின் கோவையில் இருக்கும். வைத்தியசாலையில் அனுமதித்தபோது காயம் எவ்வாறு நேர்ந்தது என எழுதப்பட்ட வரி, அன்றைய திகதியுடன் அங்கு இருக்கும். பொலிஸ் நிலைய முறைப்பாட்டுப் புத்தகத்திலும் சிலவேளை ஒரு பதிவு இருக்கும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியின் மாதாந்தப் பட்டியல் இவை எல்லாவற்றினும் வலிமை வாய்ந்தது. தற்காலிக ஊழியரும், துண்டுக்கூலிக்கு வேலை செய்வோரும், ஒப்பந்தக்காரரின் ஆட்களும் முதல் நாளிலிருந்தே அதற்கு உரித்துடையவர்கள். காயமுற்றவரின் பெயர் அம்மாதப் பட்டியலில் இருக்குமாயின், அவர் எவரிடம் வேலை செய்தார் என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. இல்லையாயின், அவர் தம் கையின் விலையைக் கேட்குமுன், அக்கை எவருக்காக உழைத்தது என்பதையே முதலில் நிறுவ வேண்டியவராகிறார்.